எட்டு நாள் முதலாளி கொன்ராட் ஃபுக்ஸ்

சாந்தா ஒதிலியாவின் தெருவில் நின்று "ஃபுக்ஸ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். மீதிப் பாதி, கூப்பிட்டது தன் மாமனாரையோ என்று யோசிக்கும். ஃபுக்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் நரி. வோல்கா நதிக்கரையிலிருந்து கப்பலேறி அர்ஜென்டினாவின் என்ட்ரே ரியோஸ் மாகாணத்துக்கு வந்த கத்தோலிக்க ஜெர்மானியர்கள் கட்டிய ஊர் அது. எத்தனை குடும்பம் வந்ததோ, அதில் பெரும்பாலானவை நரிக் குடும்பங்கள். ஆகவே அங்கே பட்டப்பெயர் இல்லாமல் வாழ முடியாது. மணியடிக்கும் ஃபுக்ஸ், ஒற்றைக் காளை ஃபுக்ஸ், தும்மல் ஃபுக்ஸ் என்று ஆளுக்கொன்று உண்டு. கொன்ராட் காற்றாடி ஃபுக்ஸ். எங்கள் பக்கத்து வயல்களில் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளுக்கு எண்ணெய் போடுவதும், முறிந்த தகட்டை மாற்றுவதும் அவர் தொழில். நிலம் கிடையாது. ஓர் ஏணி, ஒரு கருவிப்பெட்டி, ஒரு கிழட்டுக் குதிரை, கூரை ஒழுகும் ஒரு வீடு.

ஓடையின் இந்தப் பக்கம் எங்கள் லாஸ் தாலாஸ், யூதக் குடியேற்றம். இங்கே ஃபுக்ஸ் என்று ஒரே ஒரு வீடுதான் இருந்தது. கடைக்கார லைசர் ஃபுக்ஸ். அவருடைய தாடி செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தப் பக்கத்து நரிகளோ எல்லோரும் வைக்கோல் நிறம். நரிக் கூட்டம் அங்கே, நரியின் நிறம் இங்கே என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

லைசர் கடைக் காற்றாலைக்கு எண்ணெய் போடக் கொன்ராட் முதன்முதலாக வந்தபோது நடந்த பேச்சை இரண்டு பேரும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பேர் என்ன?"

"ஃபுக்ஸ்."

"அட, நானும் ஃபுக்ஸ்தான். அப்படின்னா கூலியில பாதியத் தள்ளிக் குடு, பங்காளி."

"பங்காளின்னா சொத்துல பாதிய நீ குடு. அப்புறம் கூலியப் பத்திப் பேசலாம்."

அன்றிலிருந்து இருவரும் பங்காளிகள். அவருடைய வோல்கா ஜெர்மனும் எங்கள் யித்திஷும் பாதி வழியில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். சந்திக்காத இடத்தில் ஸ்பானிஷ் வந்து கைகொடுக்கும்.

கொன்ராட் திருமணம் செய்துகொண்டது அப்போலோனியாவை. அவள் தெற்கே வேறொரு ஜெர்மன் ஊர்க்காரி. அவளைப் பெண் கேட்க அவர் அந்தக் கிழட்டுக் குதிரையை அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போனார். "உள்ளூர்ல பாத்தா, கட்டிக்கப் போறது பொண்ணா தங்கச்சியான்னு எங்கம்மாவுக்கே சந்தேகம் வருது," என்று காரணம் சொன்னார். அது வெறும் பேச்சல்ல. அவருடைய அப்பா ஃபுக்ஸ். அம்மாவும் ஃபுக்ஸ் வீட்டில் பிறந்தவள். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பெரிய தலைவலி இதிலிருந்துதான் வந்தது.

பஸ்கா பண்டிகை நடக்கும் எட்டு நாளும் புளித்த தானியம் எதுவும் எங்களுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. தின்னக் கூடாது என்பது மட்டுமல்ல, நம்முடையதாக அது வீட்டில் இருக்கவே கூடாது. ரொட்டி, மாவு, சேமியா, தானியத்தில் வடித்த ஜின், எல்லாம் சேர்த்திதான். வீட்டுக்காரர்கள் கையில் மிஞ்சியதை எரித்துவிடலாம். லைசர் மாதிரி கடை வைத்திருப்பவர் அத்தனையையும் கொண்டுபோய் ஓடையில் கொட்ட முடியுமா? ஆகவே எல்லாவற்றையும் உள்ளறையிலோ அலமாரியிலோ பூட்டி, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவோம். பண்டிகை முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்வோம்.

எங்கள் ஊரில் இந்த விற்பனையை நடத்தி வைத்தவர் ரெப் நஃப்தலி. மாடு கோழி அறுப்பது, தொழுகை நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது எல்லாம் அவரே. அவருக்கு நாடகம் பிடிக்காது. விற்றால் உண்மையாகவே விற்க வேண்டும். வாங்குபவர் முன்பணமாக ஒரு பேசோ வைக்க வேண்டும். ரெப் நஃப்தலியின் கைக்குட்டை முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு எல்லா வீட்டுச் சாவிகளையும் கையில் வாங்க வேண்டும். அப்படி வருஷா வருஷம் வாங்கியவர் கொன்ராட் ஃபுக்ஸ்.

வேறு யாராவதாக இருந்தால் சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். கொன்ராட் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க, தன் சொத்தைப் பார்க்க வீடு வீடாக வருவார். லைசரின் மனைவி ஃப்ரூமாவிடம் அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என் மாவு எப்படி இருக்கு?"

"உங்க மாவுக்கென்ன, மகாராஜா மாதிரி தூங்குது."

"உள்ள எலிச் சத்தம் கேக்குதே."

"எட்டு நாளைக்கு அதுவும் உங்க எலிதான்."

"அதெல்லாம் கிடையாது. நான் மாவு வாங்கினேன், சேமியா வாங்கினேன், ஜின் வாங்கினேன். எலி வாங்கல. எலி உங்களுது. உங்க எலி என் மாவத் தின்னா நஷ்டத்த யார் குடுக்கறது?"

ஃப்ரூமா கணவரைத் தேடினாள். ரெப் நஃப்தலியைக் கேட்டதற்கு, கொன்ராட் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். லைசர் தன் சொந்தச் செலவில், கொன்ராடின் மாவைக் காப்பாற்ற ஓர் எலிப்பொறி வைத்தார்.

அந்த நாட்களில் கொன்ராடின் நடையே மாறிவிடும். கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்பவர் நடு பெஞ்சுக்கு வருவார். காற்றாலையின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, கீழே ஏணியைப் பிடித்திருப்பவனிடம், "கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கூரையெல்லாம் தெரியுதா? ஒவ்வொண்ணுக்கு உள்ளயும் என்னோட மூட்டை ஒண்ணு இருக்கு," என்பார். ஒரு சொட்டு ஜின்னைக்கூட அவர் தொட்டதில்லை. பஸ்கா பெரும்பாலும் அவர்களுடைய தவக்காலத்தின் கடைசி வாரத்தில் வந்து விழும். அப்போது அவருக்குக் குடி விலக்கு.

"மாகாணத்துலயே பெரிய சாராயக் கிடங்கு இவருக்குத்தான்," என்பாள் அப்போலோனியா. "உதட்ட நனைக்க வழியில்ல. இப்படி ஒரு பணக்காரனக் கட்டிக்கிட்டு நான் இன்னும் கூரைக்குக் கீழ வாளி வெக்கறேன்."

அவள் வாய் அப்படித்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் தேய்த்து வைப்பவளும் அவள்தான்.

எங்கள் ஊர் நூலகத்தில் அவ்வப்போது புவெனோஸ் ஐரெஸிலிருந்து யாரையாவது கூட்டி வந்து சொற்பொழிவு வைப்பார்கள். அந்த இலையுதிர் காலத்தில், பஸ்காவுக்குக் கொஞ்சம் முன்னால், டாக்டர் ஸ்லூட்ஸ்கி என்பவர் வந்தார். தலைப்பு: நம் குடும்பப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? அழைத்தவர் லைசர். சாப்பாடும் படுக்கையும் லைசர் வீட்டில். ஆகவே டாக்டர் நன்றி மறக்காமல் உதாரணத்துக்கு ஃபுக்ஸ் என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்.

அருமையாகப் பேசினார். செந்தலையனுக்கு நரி என்று பெயர் வைப்பது ஜெர்மனியில் பழைய வழக்கம் என்றார். தந்திரக்காரனுக்கும் வைப்பார்கள். சபையே லைசரின் தாடியைத் திரும்பிப் பார்த்தது. லைசர் தாடியைத் தடவிக்கொண்டார். வீட்டு எண்கள் வராத காலத்தில் வாசலில் ஒரு பலகை தொங்கும், அதில் நரிப் படம் இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே பெயராகிவிடும் என்றார். பின்னாளில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் அதிகாரிகள் யூதர்கள் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளை போட்டபோது இன்னும் கொஞ்சம் நரிகள் உண்டானார்கள். பவேரியாவில் நரி, வியன்னாவில் நரி, பொஹீமியாவில் நரி, போலந்தில் நரி. கிறிஸ்தவனும் ஃபுக்ஸ், யூதனும் ஃபுக்ஸ். பெயரை வைத்து ஆளைச் சொல்லவே முடியாது.

இத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃப்ரூமா கையைத் தூக்கினாள்.

"அப்போ ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்காங்களே, அந்த ஃபுக்ஸுங்க?"

"அவங்க வோல்காவுக்குப் போனது ஜெர்மனியில எந்த ஊர்லேர்ந்து?"

யாருக்கும் தெரியவில்லை.

"ஞானஸ்நானம் வாங்கிட்டு, பேர மட்டும் பழசையே வெச்சிக்கிட்ட யூதங்க எத்தனையோ பேர் உண்டும்மா," என்றார் டாக்டர். "எதையும் மறுக்க முடியாது." எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் தேநீர் குடித்துவிட்டு, மறுநாள் காலை ரயிலில் ஏறிப் போய்விட்டார். அந்த "மறுக்க முடியாது" மட்டும் ரயிலேறவில்லை.

அன்று காலையே ரெப் நஃப்தலி லைசர் கடைக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"லைசர், நாம விக்கறது யூதனல்லாதவனுக்கு விக்கணும். யூதன்கிட்ட வித்தா அது யூதன் சொத்தாவேதான் இருக்கு. பஸ்காவுல யூதன் சொத்தா இருந்த ரொட்டிய அதுக்கப்புறமும் தின்னக் கூடாது. புரியுதா?"

"ரெப், பயப்படாதீங்க. பேரு அப்பா வழி. யூதன்கிறது அம்மா வழி. டாக்டர் சொன்னது பேரப் பத்தித்தான்."

"நல்லது. கொன்ராடோட அம்மா யாரு?"

லைசர் விரலை மடக்கினார்.

"ஃபுக்ஸ்."

"அவளோட அம்மா?"

"ஃபுக்ஸ்."

"அதுக்கு மேல?"

"ரெப், நிறுத்துங்க. எனக்கு வயித்த என்னமோ பண்ணுது."

"வயித்தப் பத்தித்தான் நானும் கேக்கறேன்," என்றாள் ஃப்ரூமா. "இத்தனை வருஷமா தின்ன ரொட்டிய இப்ப என்ன பண்றது?"

"தெரியாம நடந்தது போகட்டும். இனிமே தெரிஞ்சே செய்ய முடியாது," என்றார் ரெப் நஃப்தலி. "அவன் யூதன்னு நான் சொல்லல. இல்லன்னும் சொல்ல முடியல."

செய்தியைச் சொல்லும் வேலை, டாக்டரைக் கூட்டிவந்த லைசரின் தலையில் விழுந்தது. அவர் போனபோது கொன்ராட் ஒரு காற்றாலையின் உச்சியில் இருந்தார்.

"பங்காளி, கொஞ்சம் எறங்கி வா."

"எண்ணெய்க் கை. அங்கேர்ந்தே சொல்லு."

"நீ யூதனா இருக்கலாமாம்!"

மேலிருந்து ஸ்பானர் விழுந்தது. லைசர் ஒதுங்கிக்கொண்டார்.

"யார் சொன்னா?"

"புவெனோஸ் ஐரெஸ் டாக்டர்."

"என்னைப் பாக்காமயேவா?"

"பேர வெச்சே சொல்லிட்டார்."

கொன்ராட் கொஞ்சம் யோசித்தார். அவருக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. "சரி, இருந்துட்டுப் போறேன்," என்றார். "லீவு ஒண்ணு அதிகமா கிடைக்கும். அதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"யூதனா இருந்தா நீ வாங்க முடியாதே, பங்காளி. இந்த வருஷம் சாவி கிடையாது."

அதைக் கேட்டதும் அவர் இறங்கி வந்தார். வந்து லைசரின் எதிரே நின்று, "யாருக்குக் குடுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். கொன்ராட் ஸ்பானரை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் பாதியில் விட்ட காற்றாலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மறுநாள் அவர் தன் பாதிரியார் ஒத்மாரிடம் போனார்.

"சாமி, நான் யூதன் இல்லன்னு ஒரு சர்டிபிகேட் வேணும்."

"எதுக்குடா?"

"யூதங்களோட ரொட்டிய வாங்கறதுக்கு."

பாதிரியாருக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "உனக்கு ஞானஸ்நானம் ஆச்சுன்னு எழுதித் தர்றேன். உங்கப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வேணா தர்றேன். அதுக்கு மேல நான் எங்க போவேன், வோல்காவுக்கா? விடுடா, அவமானம் ஒண்ணும் இல்ல. நம்ம ஆண்டவரே யூதர்தான்."

"அப்படின்னா அவராலயும் வாங்க முடியாது," என்று சொல்லிவிட்டுக் கொன்ராட் வந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போலோனியா கோட்டைத் தேய்க்கவில்லை.

எங்களுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. சாந்தா ஒதிலியாவில் ஃபுக்ஸ் ரத்தம் கலக்காத வீடு இல்லை. கடைசியில் போலீஸ் சார்ஜண்ட் மய்தானாவைப் பிடித்தோம். கொரியென்டெஸ் மாகாணத்துக்காரர். எந்த டாக்டர் வந்தாலும் அவரை யூதராக்க முடியாது. ரெப் நஃப்தலி கைக்குட்டையை நீட்டினார். சார்ஜண்ட் அதைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"இதெல்லாம் நிஜமாவே எனக்கா?"

"நிஜமாவே உங்களுக்கு."

"ஜின்னும்?"

"ஜின்னும்தான். பொய்யா வித்தா செல்லாது," என்றார் ரெப் நஃப்தலி. உலகத்தில் வேறு எந்த வியாபாரியாக இருந்தாலும் இந்த இடத்தில் கண்ணைச் சிமிட்டியிருப்பான். அவருக்குச் சிமிட்டத் தெரியாது.

பண்டிகையின் முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போயின. வியாழக்கிழமை காலை சார்ஜண்ட், ஸ்டேஷன் மாஸ்டரையும் அக்கார்டியன் வாசிக்கும் ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு வந்து, கடையின் உள்ளறையைத் தன் சாவியால் திறந்தார். மேல்தட்டு ஜின் முதலில் இறங்கியது. பிறகு பிஸ்கட் டப்பாக்கள். ஒரு மூட்டை மாவைத் திறந்து போலீஸ் குதிரைக்கு வைத்தார்கள். குதிரை மூக்கெல்லாம் வெள்ளையாக நின்றது.

லைசர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"சார்ஜண்ட் ஐயா, இது உங்க தவக்காலத்துப் பெரிய வாரமாச்சே. வியாழக்கிழமை குடிக்கலாமா?"

"வெள்ளிக்கிழமை தொட மாட்டேன். இன்னைக்கு வியாழன்தானே? ஏன், இது யாரோட ஜின்?"

லைசர் ரெப் நஃப்தலியைப் பார்த்தார். ரெப் நஃப்தலி லைசரைப் பார்த்தார். "என்னுடையது" என்ற வார்த்தை லைசரின் வாயிலிருந்து வந்தால் பஸ்கா முறிந்தது.

"உங்களுது," என்றார் லைசர்.

"சத்தமாச் சொல்லு. ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கேக்கல."

"உங்களுதுங்க ஐயா, உங்களுது!"

"நல்ல மனுஷன். இவருக்கு ஒரு கிளாஸ் ஊத்துங்கப்பா."

லைசர் ஓடியே போய்விட்டார். குடித்த சரக்குக்கான விலையைப் பண்டிகைக்குப் பிறகு கேட்டு வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. போலீஸிடம் போய்க் கேட்பது யார் என்று ஒப்பந்தத்தில் இல்லை. நாங்களே திரும்ப வாங்கவும் முடியாது. பண்டிகை முடியும்வரை புளித்தது எங்கள் கைக்கு வரக் கூடாது. லைசரின் கடை அதோடு ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடன் சொல்லி வாங்கிய சரக்கு பாதி அதில் இருந்தது.

அக்கார்டியன் சத்தமும் அதன் பின்னாலேயே செய்தியும் ஓடையைத் தாண்டிப் போயின. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கொன்ராட் இந்தப் பக்கம் திரும்பினார். "மேல்தட்டுல இருக்கற ஜின்," என்றார். "அந்தத் தட்ட நான் தூசி தட்டி வெச்சிருந்தேன். குதிரை வேற உள்ள நிக்குதாம்." பிறகு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அப்போலோனியா கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொல்லைக்குப் போய்ப் பன்றிப் பட்டியைத் திறந்தாள். அவர்கள் ஊரில் பன்றிகள் பெண்களின் சொத்து. ஆண்களுக்கு அதில் பேச்சில்லை. ஈஸ்டருக்காகக் கொழுக்க வைத்திருந்த ஒன்று வெளியே வந்தது.

"எங்கடி?"

"வாயை மூடிக்கிட்டு ஒரு குச்சி எடுத்துட்டு வா."

பன்றி எங்களுக்கு விலக்கு; எங்கள் தெருவுக்குள் அதற்குமுன் அது வந்ததில்லை. பண்டிகை உடையில் வாசலில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முன்னால் பன்றி, பின்னால் அப்போலோனியா, அவளுக்குப் பின்னால் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு கொன்ராட். எங்கே போகிறார்கள் என்று ஃப்ரூமா கேட்டாள். அப்போலோனியா சொன்னாள். செய்தி பன்றியைவிட வேகமாகத் தெரு முனைக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. குறுக்கே படுத்திருந்த நாயை விரட்டினார்கள். வழியில் கிடந்த கைவண்டியை ஒதுக்கினார்கள். கடை முற்றத்தின் படலைத் திறந்து ஒதுங்கி நின்று வழிவிட்டவர் லைசர். உள்ளே போகும் பன்றியைப் பார்த்து அவர் தலை கொஞ்சம் தாழ்ந்தது என்று ஃப்ரூமா பின்னால் சொன்னாள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"மிச்சமிருக்கறது மொத்தத்தையும் குடுங்க," என்றாள் அப்போலோனியா.

"எதுக்கு?" என்றார் சார்ஜண்ட்.

"இதுக்கு."

சார்ஜண்ட் பன்றியைச் சுற்றி வந்தார். தடுமாறியதால் இரண்டு முறை சுற்ற வேண்டியிருந்தது.

"ஜின் நல்லா இருக்கேம்மா."

"நாளைக்கு வெள்ளி. தொட மாட்டீங்க. சனிக்கிழமை தலைய வலிக்கும். ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். அன்னைக்கு உங்களுக்குச் சேமியா வேணுமா, பன்னி வேணுமா?"

ஸ்டேஷன் மாஸ்டர் பன்றி என்றார். அக்கார்டியன்காரரும் பன்றி என்றார். சார்ஜண்ட் சாவிக்கொத்தை நீட்டினார். கொன்ராட் முன்னால் பாய்ந்தார்.

"கைக்குட்டை! கைக்குட்டை இல்லாம செல்லாது!"

தன் பையிலிருந்த எண்ணெய்க் கறைக் கைக்குட்டையை எடுத்து மனைவி கையில் ஒரு முனையும் சார்ஜண்ட் கையில் ஒரு முனையும் கொடுத்தார். இருவரும் இழுத்தார்கள். ரெப் நஃப்தலி தள்ளி நின்று பார்த்து, சரி என்பதுபோலத் தலையாட்டினார். சாவியை மட்டும் கொன்ராட் தொடவில்லை. "நான் சந்தேகம். நீயே வாங்கு," என்றார்.

அப்போலோனியா முதலில் குதிரையை வெளியே அனுப்பினாள். பிறகு சார்ஜண்டை. அறையைக் கூட்டி, புட்டிகளை வரிசையாக வைத்துப் பூட்டினாள். கொன்ராட் நிலைப்படிக்கு வெளியே நின்று, எந்தப் புட்டி எந்தத் தட்டில் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பண்டிகை முடிந்ததும் ரெப் நஃப்தலியும் லைசரும் திரும்ப வாங்கிக்கொள்ள ஓடையைத் தாண்டிப் போனார்கள். லைசர் ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டு போனார்.

"பன்னிக்குப் பன்னி எங்களால தர முடியாதும்மா. இத வெச்சிக்குங்க."

அப்போலோனியா கிடாரியின் பல்லைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், சரி என்றாள். "இன்னொண்ணும் இருக்கு. வர்ற வருஷம் சாவி இந்த வீட்டுக்குத்தான் வரணும்."

ரெப் நஃப்தலி தாடியைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு விக்க முடியாதும்மா. டாக்டர் சொன்னதுலேர்ந்து..."

"அவருக்கு யார் கேட்டா? எனக்கு வில்லுங்க. நான் ஃபுக்ஸ் வீட்டுக்கு வாக்கப்பட்டவ. பொறந்தவ இல்ல."

லைசருக்கு முகம் மலர்ந்தது. "அட, ஆமா! நீங்க பொறந்த வீட்டுப் பேரு என்னம்மா? உங்கப்பா..."

ரெப் நஃப்தலி அவர் கையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். கோழியைத் தவிர வேறு எதன்மீதும் அவர் கை அப்படி விழுந்து யாரும் பார்த்ததில்லை.

"கேக்காத லைசர்! நீங்களும் சொல்லாதீங்கம்மா. அப்போலோனியா. அது போதும். நல்ல பேரு."

அவள் பிறந்த வீட்டுப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நூலகத்தில் அதன் பிறகு தேனீ வளர்ப்பு, ஆலங்கட்டி மழை, பல் சுத்தம் ஆகிய தலைப்புகளில் மட்டுமே சொற்பொழிவு நடந்தது.

கொன்ராடின் சந்தேகம் தீரவே இல்லை. குளிர்கால மழை நாட்களில் தொழுகைக்குக் கட்டாயம் வேண்டிய பத்து யூத ஆண்களில் பத்தாவது ஆள் கிடைக்காமல் நாங்கள் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, லைசர் காற்றாலையை அண்ணாந்து பார்த்துக் கத்துவார்: "பங்காளி, ஒரு ஆள் குறையுது, வர்றியா?" மேலிருந்து பதில் வரும்: "சாவிய என் பேருக்குக் குடு, வர்றேன்!" "வந்தா சாவி தர முடியாதே!" "அப்போ வரல!"

அடுத்த பஸ்காவுக்கு முந்தின வாரம் அப்போலோனியா கோட்டைத் தேய்த்தாள். கைக்குட்டை முனையை அவள் இழுத்தாள். முன்பணம் அவள் வைத்தாள். சாவிக்கொத்தை வாங்கி ஒருமுறை எடை பார்ப்பதுபோலக் கையில் ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் நீட்டினாள். "சுமந்துட்டு வாங்க. எனக்கு இடுப்பு வலிக்குது."

"சந்தேகம் இருக்கறவர் சாவியச் சுமக்கலாமா?" என்று லைசர் மெல்லக் கேட்டார்.

ரெப் நஃப்தலி கொஞ்சம் யோசித்தார். "சொத்து இந்த அம்மாவோடது. அவர் வேலைக்காரர்," என்றார். "வேலைக்காரர் சுமக்கலாம்."

வேலைக்காரர் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் லைசர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பழைய தட்டுதான், கொஞ்சம் பலமாக.

"கதவத் தொற, பங்காளி. முதலாளியம்மா மாவப் பாக்க வர்றாங்க. அந்த எலிப்பொறிய எங்க வெச்ச?"